கதவைத் திறந்தவர்

பெண்கள் நோயுற்றால் ஆண் மருத்துவரை நாட வழக்கமும் நாணமும் தடையாய் நின்ற காலம் அது. மகப்பேற்றின்போது உரிய மருத்துவம் கிட்டாமல் மாண்டோர் பலர். இத்துயரைச் சென்னையில் கண்ட மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, தாமே மருத்துவம் பயில விழைந்தார். ஆயின், பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி வேண்டுமே! எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் மருத்துவம் பயின்ற பெண்களுக்குப் பட்டம் தர மறுத்ததை 1873இல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருந்தது.

அச்சூழலில் சென்னை மாகாண மருத்துவத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர். சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராகவே அவரை நினைவுகூர்வோர் உளர். அதனினும் பெரிது அவர் செய்த மற்றொரு பணி. பெண்களுக்கு மருத்துவக் கல்வி வேண்டும் என அவர் வாதிட்டதன் பயனாக, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்நால்வருள் ஒருவரான ஷார்லீப், பின்னர் இலண்டனிலும் பயின்று சென்னைக்கே மீண்டார். 1885இல் பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்றுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. தாம் பயின்ற கல்லூரியில் அவர் விரிவுரையும் ஆற்றினார். அதே கல்லூரியில் 1907இல் சேர்ந்தவர்தாம் முத்துலட்சுமி.

பால்ஃபர் 1889இல் மறைந்தார். உயர் பதவி வகித்தோர்க்குச் சிலை எடுப்பது அக்கால வழக்கம். அவர் நினைவாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1891இல் நிறுவப்பட்டதோ ஒரு தங்கப்பதக்கம். பெண்களின் மருத்துவக் கல்வியை ஊக்குவிப்பதே அதன் நோக்கம்.