வட்டிக்குப் பதிலாகக் காண்டாமிருகம்

1970-இல் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 ஆக இருந்த கருப்புக் காண்டாமிருகங்கள், கொம்புக்காக வேட்டையாடப்பட்டு, 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே குறைந்தன. இவற்றின் பாதுகாப்புக்கென 2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலருக்கு ஐந்தாண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது. வைப்புத்தொகையின் இலக்கணம் அறிந்த நம் வாடிக்கையாளர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

பத்திரத்துக்கு ஆண்டு வட்டி இல்லை. அதற்கு ஈடான ஏறத்தாழ 1 கோடி டாலர், தென்னாப்பிரிக்காவின் அட்டோ யானைத் தேசியப் பூங்காவுக்கும் கிரேட் ஃபிஷ் ஆற்றுக் காப்பகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. 100 டாலர் முகமதிப்புள்ள பத்திரம் 94.84 டாலருக்கு விற்கப்பட்டதால், சிறிய ஆதாயம் மட்டும் உறுதி. அசலுக்கு உலக வங்கியே பொறுப்பு.

எஞ்சியது காண்டாமிருகங்களின் கையில். அவை பெருகினால், பெருக்கத்துக்கேற்ப, முதிர்வின்போது 1.376 கோடி டாலர் வரை உலகச் சுற்றுச்சூழல் நிதியம் முதலீட்டாளர்களுக்கு வழங்கும், பெருகாவிடில் ஒன்றுமில்லை. எண்ணிக்கையைச் சரிபார்ப்பது தனி அமைப்பு.

மானியத்தில் பணம் முதலில் செலவாகிறது. பலன் விளையாவிட்டால் இழப்பு கொடையாளருக்கே. இங்கு அந்த இடர் முதலீட்டாளரிடம் செல்கிறது. இதுவே இத்திட்டத்தின் சிறப்பு என்பது எம் கருத்து. எனினும், தலை எண்ணக்கூடிய பெருவிலங்குக்கே இவ்வேற்பாடு பொருந்தும். சேற்றில் ஒளியும் அரிய தவளையின் ஆண்டு வளர்ச்சியை எந்தத் தணிக்கையாளர் சான்றளிப்பார்? அதற்கு இன்றும் மானியமே வழி.