பெல்ட்டைக் கழற்றி வை

வியாசர்பாடி,
ஞாயிறு இரவு.

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

உன் அம்மா எல்லாம் சொன்னாள். கல்யாணம் முடிவானதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாயாம். வேலைக்குப் போகும்போது சுடிதாருக்குள் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறாயாம். போனில் சொன்னால் "சரி அத்தே, சரி அத்தே" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

இடுப்பு சின்னதாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீ பிடித்திருக்கும் வழி சரியில்லை. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்ச் டேப் வைத்து அளவெடுத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைக்க வேண்டும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு பார்க்க வேண்டும். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளாத பெண்ணே கிடையாது. அதனால் நான் மாப்பிள்ளையைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ பேச்சுக் கொடுப்பேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு தளரும், அப்போதுதான் அளவைக் குறித்துக்கொள்வேன். காலையில் வெறும் வயிற்றில் இருக்கும் அளவு சாயங்காலம் இருக்காது. மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் உடம்பில் நீர் கோத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் யாராவது அளவு கொடுக்க வந்தால் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். நீயோ தினமும் கண்ணாடி முன்னால் நின்று அளந்து பார்த்து அழுகிறாயாம். அதை விடு கண்ணு. மாதத்துக்கு ஒரு தடவை, காலையில், சாப்பிடும் முன் அளந்தால் போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். ஒரே முப்பது இன்ச் இடுப்புள்ள இரண்டு பேருக்குத் தைத்திருக்கிறேன். ஒருத்திக்கு இடுப்பு ஒடுங்கித் தெரியும், இன்னொருத்திக்கு நேராக இறங்கும். முதலாமவளுக்குத் தோள் அகலம், விலாவுக்கும் இடுப்புக்கும் இடைவெளி அதிகம். நம் குடும்பத்து வாகு இரண்டாவது. உன் அப்பா, நான், நீ எல்லோருக்கும் அந்த இடைவெளி நாலு விரல்தான். எலும்பை எந்தப் பயிற்சியும் மாற்றாது. அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதே. உனக்குப் பஃப் கையும் போட் நெக்கும் வைத்துத் தோளை எடுத்துக் காட்டுவேன், பிரின்சஸ் கட்டில் தையலை ஒட்டிப் பிடிப்பேன். இடுப்பை ஒரு நூல்கூடக் குறைக்காமலேயே அது சின்னதாகத் தெரியும். பாவாடை நாடாவை மட்டும் இறுக்கிக் கட்டாதே. மேலே சதை பிதுங்கும், தோல் கறுத்துப் புண்ணாகும். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தருகிறேன்.

நான் துணியில் செய்வதை நீ உடம்பிலும் செய்யலாம். தோளுக்கும் முதுகுக்கும் வலு ஏற்றினால் அவை கொஞ்சம் விரியும், நிமிர்ந்து நிற்பாய், இடுப்பு தானாக ஒடுங்கித் தெரியும். ராத்திரி ஷிப்டு முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்தால் இருபத்து நாலு வயசுக்காரிக்கும் வயிறு முன்னால்தான் தள்ளும்.

பெல்ட் கொழுப்பைக் கரைக்காது. இருப்பதை அமுக்கி மேலேயும் கீழேயும் தள்ளும், அவ்வளவுதான். கட்டியிருக்கும் இடத்தில் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்து கொழுப்பு உருகுகிறது என்று நினைக்கிறாய். அது வெறும் தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். இந்த ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றால் மயக்கம் வரும், நெஞ்சு எரியும், ஆழமாக மூச்சு விட முடியாது. இன்றைக்கே கழற்றி வை.

தினம் நூறு சிட்-அப் போடுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் வயிற்றுத் தசை உறுதியாகும். ஆனால் அதன் மேலே இருக்கும் கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் எடுக்க முடியாது. எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடம்புதான் முடிவு செய்யும். பல பேருக்கு முகம்தான் முதலில் வற்றும், வயிறும் தொடையும் கடைசியில்தான். கையில் வெயிட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழும் பயிற்சியையும் நிறுத்து. அங்கேயும் தசைதான் வலுவாகும், கொழுப்பு போகாது. ஒடுங்க வேண்டிய இடத்தில் தசையை ஏற்றுவானேன்?

முல்லை நகர் மைதானத்துக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பார். 1997-இல் தங்கராஜும் உமாபதியும் தொடங்கிய கால்பந்துப் பயிற்சியில் நம் குடிசைப் பகுதிப் பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். பந்தைத் துரத்தி ஓடி, சட்டென்று நின்று, திரும்பி மறுபடி ஓடும்போது அந்தப் பிள்ளைகளின் கெண்டைக்காலைக் கவனி. கயிறு முறுக்கேறுவது போல் ஏறி இறங்கும். இடுப்புக்கென்று அவர்கள் தனியாக எதுவும் செய்வதில்லை. காலிலும் தொடையிலும் முதுகிலும் இருக்கும் பெரிய தசைகள் வேலை செய்கின்றன, உடம்பு முழுக்கச் சீராக இருக்கிறது.

உனக்குப் பந்தாட நேரமில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே செய். நாற்காலியில் உட்காரப் போவது போல் உட்கார்ந்து எழு. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடு, பழகினதும் தரையில் எடு. குனிந்து நின்று, தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனை விலா வரைக்கும் இழு. முதுகுக்கு அதை விட நல்லது கிடையாது. பிறகு முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி நேராக இருக்கும் பிளாங்க். தண்ணி லாரி வரும்போது குடத்தை ஒரே பக்க இடுப்பில் ஏற்றி உடம்பை ஒருக்களிக்காதே. இரண்டு கையிலும் சமமாக இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக நட. வயிற்றைச் சுற்றியுள்ள தசையெல்லாம் உன்னை நிமிர்த்திப் பிடிக்கும். மற்ற நாட்களில் அரை மணி நேரம் வேகமாக நட.

உன் அத்தான் போகிற ஜிம்மில் ஃபிராங்க் ஜேன் படம் ஒட்டியிருக்கிறார்கள். 1977, 78, 79 என்று வரிசையாக மூன்று வருஷம் மிஸ்டர் ஒலிம்பியா ஆனவர். மலை மாதிரி உடம்பு இல்லை, அகலத் தோளும் ஒடுங்கின இடுப்பும்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அவர் செய்துகாட்டிய 'வேக்குவம்' நம் யோகாவில் இருக்கும் உட்டியான பந்தம் மாதிரிதான். காலையில் வெறும் வயிற்றோடு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, தொப்புளை முதுகெலும்பு பக்கம் இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். கொழுப்பு குறையாது, ஆனால் வயிற்றைக் குறுக்கே கட்டியிருக்கும் உள் தசை பழகும். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். பிரஷர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் செய்யவே கூடாது.

இனி சாப்பாடு. ராத்திரிப் பட்டினி கிடந்து ஒரு மணிக்குக் கம்பெனி கேன்டீனில் சமோசாவும் டீயும் சாப்பிடுகிறாயே, அதற்கு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒழுங்காகச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். தட்டில் சோற்றைப் பாதியாக்கு, குழம்பில் இருக்கும் மீனை இரண்டு மடங்காக்கு. காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை, சத்து நிறைந்தவை. முட்டை, கொண்டைக்கடலை சுண்டல், எண்ணெய் குறைத்துச் செய்த மாட்டுக்கறி எல்லாமே நல்லது. இவை வயிறு நிறைந்த மாதிரி வைத்திருக்கும், தசையையும் காப்பாற்றும். நீ அத்தோ நூடுல்ஸ் பிரியை என்று எனக்குத் தெரியும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் நம் பேட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்த ருசியை விடச் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு நாள் சாப்பிடு, வறுத்த வெங்காயத்தையும் எண்ணெயையும் குறைத்துப் போடச் சொல். நாலு வேளை டீயில் போகும் சர்க்கரையைக் குறை. சிப்ஸ், ஊறுகாய், கருவாடு அதிகமானால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்து மறுநாள் வயிற்றை உப்பிக் காட்டும். பகலில் ஜன்னலை மூடி ஏழு மணி நேரமாவது தூங்கு. தூக்கம் கெட்டால் பசி கூடும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்படாதே.

உன் இடுப்பு முப்பது இன்ச். நம் நாட்டுப் பெண்களுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இன்ச். ஆண்களுக்கு 90. நம் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தவர்களில் 39.5 சதவீதம் பேர் இந்த எல்லையைத் தாண்டியவர்கள். கை கால் ஒல்லியாக இருந்தாலும் நம் ஜனங்களுக்கு வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரும். சர்க்கரை வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உன் ஆயாவுக்கு வந்தது, எனக்கும் வந்திருக்கிறது. நீ எல்லைக்குள்தான் இருக்கிறாய். அதனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இப்போதே பழகிக்கொள். கல்யாணம் முடிந்ததும் விட்டுவிடாதே.

பேர் ஒட்டாத டப்பாவில் வரும் பவுடர், 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரை, ஊசி என்று யார் சிபாரிசு செய்தாலும் வாங்காதே. ஜிம் மாஸ்டர் சொன்னாலும் சரி, உன் சிநேகிதி சொன்னாலும் சரி. ஈரலையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுத்துக்கொண்டு என்ன அழகு?

இரண்டு மாதமாக உனக்குத் தேதி தள்ளிப் போகிறது என்று உன் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பட்டினியால் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம், பி.சி.ஓ.டி.யாகவும் இருக்கலாம். எதுவென்று பார்க்காமல் நீ எத்தனை நடந்தும் பிரயோஜனமில்லை. புதன்கிழமை உனக்கு லீவு என்று தெரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிவிடலாம். ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் எதுவும் சாப்பிடாமல் வா. ஆதார் அட்டையை எடுத்துக்கொள். முடித்துவிட்டுச் சாப்பிட இட்லியும் முட்டையும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அத்தை