வீட்டுப் பீடத்துக்குப் படம் எழுதும் தம்பிக்கு



பகலெல்லாம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிவிட்டு இரவில் திருப்படம் எழுத உட்காரும் நீ, அக்கம்பக்கத்து வீடுகளில் தொங்கும் அச்சுப்படங்களையும் சாயம் பூசிய சொரூபங்களையும் பற்றி, அவற்றில் பக்தி உண்டேயன்றி ரசனை இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தத் தீர்ப்பைச் சிறிது காலம் ஒத்திவைக்கும்படி உன்னை வேண்டுகிறேன். கண்காட்சிச் சுவரில் உள்ள படத்தை ஒருவன் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போகிறான். வீட்டுப் படமோ, இரவுதோறும் குடும்ப ஜெபத்தின்போது, மெழுகுதிரி வெளிச்சத்தில், பாயில் முழந்தாளிட்டிருக்கும் பாட்டியின் மங்கிய கண்களாலும் தூக்கக் கலக்கத்திலுள்ள குழந்தையின் கண்களாலும் ஆண்டுக்கணக்காகப் பார்க்கப்படுவது. அதன் சௌந்தரியத்துக்கு இலக்கணமும் அங்கிருந்தே பிறக்க வேண்டும்.

திரு இருதய ஆண்டவர் படத்தையே எடுத்துக்கொள். 18-ஆம் நூற்றாண்டில் பொம்பேயோ பத்தோனி செப்புத் தகட்டில் தீட்டி, ரோமாபுரியில் சேசு சபையாரின் ஜெசு ஆலயத்தில் இடம்பெற்ற படத்தின் சாயல், எத்தனையோ அச்சகங்களின் வழியே வர்ணம் தடித்து, கன்னம் சிவந்து, நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதை இல்லந்தோறும் அரியணை ஏற்றும் வழக்கத்தை மத்தேயோ குரோலி என்னும் குரு 1907-ல் பரப்பத் தொடங்கினார். இன்று குருத்து ஞாயிற்றின் ஓலை அதன் சட்டத்துக்குப் பின்னால் செருகப்படுகிறது. வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை அதன் ஆணியில் தொங்குகிறது. காலமானவர்களின் புகைப்படங்கள் அதன் அருகே இடம்பெறுகின்றன. இவ்வளவையும் ஏற்று, அப்போதும் அப்படம் சிதறாமல் நிற்பதற்குக் காரணம், ஒரே உருவமும் நேர்நோக்கும் கண்களும் ஆரவாரமற்ற பின்புலமும்தான். அதன் வர்ணத்தை நீ திருத்தலாம். அதன் அமைப்பைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும், உனக்கு மெய்யான குருவாக நான் காட்ட விரும்புவது இடைவிடா சகாய மாதா படத்தை. 1866-ல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் இரட்சகர் சபைக் குருக்களிடம் ஒப்புவித்த, பொற்பின்புலத்தில் மரப்பலகை மீது எழுதப்பட்ட அச்சிறிய படத்தில், பாடுகளின் கருவிகளை ஏந்திவரும் சம்மனசுகளைக் கண்டு அஞ்சிய பாலன் தாயின் கையை இரு கைகளாலும் பற்றியிருக்க, அவன் காலிலிருந்து ஒரு செருப்பு வார் நெகிழ்ந்து தொங்குகிறது. வாரையும் அடித்தோலையும் நாள்தோறும் கையாளும் ஊரில் பிறந்த உன்னைவிட இதை நன்றாக வாசிக்கத் தக்கவர் யார்? குழந்தை ஓடிவந்த வேகமும், அதன் பயமும், அது கண்ட அடைக்கலமும் அந்த ஒரு வாரின் நெகிழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. நகல் எழுதுகிறவன் அதை ஓர் ஆபரணம்போலக் காலோடு சேர்த்து இறுக்கிவிட்டால் படத்தின் ஜீவனே போய்விடும். தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை; துக்கமும் கிருபையும் கலந்த பார்வையால் நம்மைப் பார்க்கிறாள். இத்தகைய பார்வையை எழுதப் பழகும்வரையில் தங்கத் தாளையும் நட்சத்திரக் கிரீடத்தையும் தொடாதே.

நம் மண்ணின் சாயல் வேண்டும் என்ற உன் ஆசை நியாயமானது. அதற்கு முன்னோர் உண்டு. கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவை வீரமாமுனிவர் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் எழுந்தருளச் செய்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கோவா ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேக்கா தேவமாதாவுக்குச் சேலை உடுத்தி, அதற்காகச் சொந்த ஊராரின் கண்டனத்துக்கும் ஆளானார். ஆனால் சேலையோடு நின்றுவிடாதே. குழந்தையை இடுப்பில் இருத்தி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் நம் பெண்களின் நிலை அதைவிடப் பெரிய செல்வம்.

தோலில் புடைப்புருவம் செய்யும் எண்ணத்தையும் கைவிடாதே. குரோம் தோலில் அழுத்திய கோடு சரியாக நிலைப்பதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை ஈரப்படுத்தி அழுத்தினால் கோடு நிற்கும். அத்தோல் வெளிச்சம் பட்டுச் சிவக்கும் சுபாவமுடையது. கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைக்கும் பழைய முறை அதைத் தணிக்கிறது. எனவே தோல் வாங்கும்போதே கடுக்காய் இட்டதா என்று கேள். மெழுகுதிரிப் புகை படியும் என்பதால் கண்ணாடியும் இடு. கண்ணாடியில் திரியின் பிரதிபிம்பம் முகத்தின்மேல் விழாதபடி படத்தைச் சிறிது முன்சாய்த்து மாட்டச் சொல்.

முதல் வேலையாகத் தொழிலாளரின் பாதுகாவலரான சூசையப்பரைச் செய். பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் அவருடைய திருநாளை மே முதல் தேதிக்கு ஏற்படுத்தினார். டேனரியில் உழைக்கும் குடும்பங்கள் வாங்கப்போகும் படம் அது. ஆகவே லீலி மலரைப் பிடித்த வழுவழுப்பான விரல்களை விட்டுவிட்டு, சுண்ணாம்பிலும் சாயத்திலும் தடித்த கைகளை உன் தெருவிலேயே பார்த்து வரைந்துகொள். அந்தக் கைகளின் வரைபடத்தை முதலில் எனக்கு அனுப்பு. முகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.