பெயரும் தவணையும்

புளிய மரங்கள் அடர்ந்திருந்தமையால் 'திந்திரிணி வனம்' என வழங்கிய ஊரே திண்டிவனமாயிற்று என்பர். ஊர்ப்பெயருக்கு எவரும் தவணைப்பணம் கட்டுவதில்லை. இணையப் பெயரோ குத்தகை நிலம் போன்றது. ஒரு முறைக்குப் பத்தாண்டுக்கு மேல் அதனைப் பதிவு செய்தல் இயலாது.

விழுப்புரத்து விதை வணிகர் ஒருவர், '.காம்' என முடியும் தம் கடைப்பெயரைப் புதுப்பிக்க மறந்தார் எனக் கொள்வோம். பதிவு நிறுவனம் 45 நாள் வரை பொறுக்கலாம். பொறாது ஏலம் விடுதலும் உண்டு. நீக்கப்பட்ட பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உளது. அப்பொழுது தண்டம் மிகுதி. பின் 5 நாள் கழிந்ததும், முதலில் கேட்பவர்க்கே அப்பெயர் உரியதாகும். அந்நொடிக்காகவே கணிப்பொறிகள் விழித்திருக்கின்றன!

திண்டிவனத்து உழவர் பழைய முகவரிக்கே மடல் விடுப்பர். அம்மடல் இனிப் புதியவர் கைக்குச் செல்லக்கூடும். விதைக்கென அனுப்பும் முன்பணமும் அவ்வாறே.