எட்டும், ஆனால் அறுக்குமா?

வேப்பங்கொப்பு மொட்டை மாடியில் உரசத் தொடங்கும்போதோ, ஐப்பசி மழைக்கு முன் மாமரத்தைக் கழித்துவிட ஆள் கிடைக்காதபோதோதான் நமக்குக் கம்பு ரம்பம் வாங்கும் யோசனை வருகிறது. கடையில் ‘போல் சா’ என்று கேட்டால், கைரம்பம் பொருத்திய அலுமினியக் கம்பில் தொடங்கி பெட்ரோல் எஞ்சின் வரை எடுத்து வைப்பார்கள். கூடவே சில நம்பிக்கைகளும் விற்பனையாகும்.

நம்பிக்கை: கம்பு நீளமாக நீளமாக நல்லது

பலர் பணத்தை விடுவது இதில்தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘எட்டும் உயரம்’ பெரும்பாலும் கம்பின் நீளம் அல்ல. பிடித்திருப்பவரின் உயரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கிளைக்கு நேர் கீழே நின்று அறுக்கவும் முடியாது, அறுபடுவது தலையிலேயே விழும். ஒதுங்கி நின்று, கம்பைச் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். 12 அடிக் கம்பை 60 பாகைச் சாய்வில் பிடித்தால் மேல்நோக்கிக் கிடைப்பது 10.4 அடி. அடிமுனை இடுப்பருகே மூன்றடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால் மொத்தம் பதின்மூன்றரை அடிகூட இல்லை.

சரி, 20 அடிக் கம்பே வாங்கிவிடலாமா? நுனியில் இருக்கும் ரம்பத்தின் எடையை நினைத்துப் பாருங்கள். 12 அடிக் கம்பின் அடிமுனையில் ஒரு கை, மூன்றடி தள்ளி மறு கை என்று பிடித்தால், நுனியில் உள்ள 1 கிலோ மேல் கைக்கு 4 கிலோவாக வந்து சேரும். கம்பின் சொந்த எடை இதில் சேரவில்லை. நீளம் கூடினால் வளைவும் கூடும். இழுக்கும் விசையில் ஒரு பங்கு கம்பை வளைப்பதிலேயே போய்விடும், பல் மரத்தில் சரியாகப் பதியாது. ஜப்பானின் சில்கி நிறுவனம் தன் ஹயவுச்சி ரம்பத்துக்கு உருண்டைக் குழாயை விட்டுவிட்டு நீள்வட்டக் குழாய் போட்டிருக்கிறது. வளைவு குறையும், கையிலும் சுழலாது.

ஆகவே கடையிலேயே கம்பை முழுக்க நீட்டி, அடியில் பிடித்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பூட்டுகளையும் பாருங்கள். திருகிப் பூட்டுவது தூசி புகுந்தால் வழுக்கும். மடக்கி அழுத்தும் கிளாம்ப் நம்பகமானது. பல்லின் நுனி மட்டும் நீலக்கருப்பாக இருந்தால் அது வெப்பமூட்டிக் கடினமாக்கியது, அரம் போட்டுத் தீட்ட முடியாது. மாற்று அலகு கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: பேட்டரி இருந்தால் எதையும் அறுக்கலாம்

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. முருங்கைக்கு ரம்பமே வேண்டாம், பழைய தொரட்டி போதும். தென்னை மட்டையில் சங்கிலி ரம்பத்தை வைத்தால் நார் சுற்றிக்கொண்டு சிக்கும். வளைந்த கைரம்பமோ நீளக்கம்பு அரிவாளோ அதற்கு மேல். மணிக்கட்டுப் பருமன் வரையிலான மா, வேம்புக் கிளைகளுக்கும் இழுக்கும்போது அறுக்கும் கைரம்பம் தாராளம். அதைவிடப் பருத்தவை நிறைய இருந்தால்தான் பேட்டரி ரம்பத்துக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. அதிலும் 8 அங்குல பார் (சங்கிலி ஓடும் தகடு) என்றால் 8 அங்குலக் கிளை என்று எண்ண வேண்டாம். ஓரிரு அங்குலம் குறைத்தே கணக்கிடுங்கள்.

நம்பிக்கை: ஃபைபர் கம்பு என்றால் ஷாக் அடிக்காது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபைபர் கம்பு கடத்தாது என்பதும் உண்மைதான், ஆனால் அது காய்ந்து, சுத்தமாக இருக்கும்வரை. ஈரமும் மரப்பாலும் அழுக்கும் படிந்தால் அந்தக் காப்பு போயிற்று. தோட்டக் கடையில் விற்கும் கம்புகள் பொதுவாக மின்காப்புச் சோதனைக்கு உட்பட்டவை அல்ல. கம்பி மேல் விழும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

வீட்டு சர்வீஸ் வயரில் 230 வோல்ட், தெருவில் போகும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட். பயிற்சி இல்லாதவர் கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி. இது ஆளுக்கு மட்டுமல்ல, கையில் உள்ள கம்பின் நுனிக்கும் சேர்த்து. நம் தெருக்களில் மொட்டை மாடியில் நின்று நீட்டினால் பல இடங்களில் அந்த இடைவெளி இருக்காது. பராமரிப்பு மின்தடை நாளில் முடித்துவிடலாம் என்பதும் ஆபத்து. மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறான இணைப்பில் கம்பிக்கு மின்சாரம் ஏற்றியும் இருக்கலாம். கம்பியைத் தொடும் கிளை மின்வாரியத்தின் வேலை. தமிழ்நாட்டில் அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

நம்பிக்கை: ஏணியில் ஏறினால் சின்னக் கம்பே போதும்

வேண்டவே வேண்டாம். கம்புக்கு இரண்டு கையும் தேவை, ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு எட்டுவதும் அதே கதைதான்.

நம்பிக்கை: ஒரே இழுப்பில் அறுத்து, வெட்டுவாயில் பெயின்ட் அடிக்க வேண்டும்

மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டால், பாதி அறுபட்டதும் கிளை தன் எடையில் முறிந்து, அடிமரப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கம் சிறிதாக ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். மீந்த கட்டையைக் கடைசியாக, கிளை தொடங்கும் இடத்தில் வளையமாகத் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுக்க வேண்டும். அந்தத் தடிப்பிலிருந்துதான் காயம் மூடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மரத்தூளோடு மாமரத்து முசுறும் சேர்ந்தே கொட்டும்.

பெயின்ட், தார், சாணம் எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து பார்த்துச் சொன்னது இது: மரம் அழுகிய பகுதியை உள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்குகிறது, பூச்சு அதற்கு உதவுவதில்லை. மாமரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் போர்டோ பசை வேறு வகை, அது பூஞ்சைக்கொல்லி. பதின்மூன்று அடி உயரத்தில் அதைப் பூச வேண்டுமென்றால், இன்னொரு கம்பில் பிரஷ்ஷைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.