எளிய சாளர மேலாளர்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டி எனது ஊர். என் தந்தையார் அங்கே கூலிக்குச் சிற்பம் செதுக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். என்னிடம் இருப்பது என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. பழுது பார்ப்பவர், "இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். வாங்க வழியில்லை. அந்த நிலையில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

சாளர மேலாளர் என்பது யாது?

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. லினக்ஸில் திரையை நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்டது எக்ஸ் விண்டோ என்னும் அமைப்பு. இது 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. திரையில் வரைவதும், விசைகளின் செய்தியைப் பெறுவதும் மட்டுமே இதன் பணி. எந்தச் சாளரம் எங்கே, எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறொரு நிரல். அதுவே சாளர மேலாளர். தனி நிரல் என்பதால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டி.டபிள்யூ.எம்.

ஜெர்மானியரான ஆன்செல்ம் கார்பே 2006இல் தொடங்கியது டி.டபிள்யூ.எம். என்னும் மேலாளர். மூல நிரல் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்பது அதன் கொள்கை. நாம் பாடத்தில் படிக்கும் அதே சி மொழியில் எழுதப்பட்டது. அமைப்பை மாற்ற வேண்டுமானால் பட்டியல் எதுவும் திறவாது, 'கான்ஃபிக்.எச்' கோப்பைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும்.

ஒரே சாளரம் இருந்தால் அது திரை முழுதும் நிற்கும். இரண்டாவது திறந்தால், புதியது இடப்பக்கம் 55 விழுக்காட்டைப் பிடிக்க, பழையது வலப்பக்கம் ஒதுங்கும். மூன்றாவது வந்தால் வலப்பக்கம் இரண்டாகப் பங்கிடப்படும். ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஆல்ட் விசையுடன் ஜே, கே அழுத்தினால் சாளரம் விட்டுச் சாளரம் செல்லலாம். 1 முதல் 9 வரை அழுத்தினால் ஒன்பது தனிப்பிரிவுகள் வரும். வரிசையாக வைத்த உளிகளில் வேண்டியதைப் பாராமலே எடுக்கும் சிற்பியைப் போல, ஒரு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

பயனும் குறையும்

முன்பு திரை வந்து நிற்கவே நெடுநேரமாகும். இப்போது சி நிரல் எழுதவும் தொகுக்கவும் என் மடிக்கணினி தாராளமாகப் போதும். எனினும் இணைய உலாவி முன்போலவே திணறுகிறது. மேலாளர் எளிதானால் உலாவி எளிதாகிவிடாது.

மற்றொரு குறை நம் மொழியைப் பற்றியது. 'கெங்கவல்லி' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டேன். மேற்பட்டையில் கொம்பு ககரத்திற்குப் பின்னால் போய் நின்றது! யூனிகோடில் முதலில் 'க', பின்பு கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகும். காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொணர எழுத்து வடிவமைக்கும் நிரல் வேண்டும். சுருக்கம் கருதி டி.டபிள்யூ.எம். அதைச் சேர்க்கவில்லை. ஆங்கிலம் எழுதுவோருக்கு மிகையானது நமக்கு இன்றியமையாதது. 'பாங்கோ' என்னும் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒட்டு ஒன்று உண்டு. அதைச் சேர்த்துத் தொகுத்தேன். கொம்பு தன் இடத்திற்கு வந்தது.

முடிவுரை

இதை என் தந்தையாரிடம் காட்டினேன். "செதுக்கின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதுடா, உன் தொழில்ல முடியுதே" என்றார். உண்மைதான். மூல நிரல் கையில் இருந்தால், பிறர் நீக்கியதை நாம் சேர்க்கலாம். பிறர் சேர்த்ததை நாம் நீக்கலாம். நண்பர்களே, வீட்டு மூலையில் பழைய மடிக்கணினி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2000 வரிகள்தாமே, ஒரு விடுமுறையில் படித்து முடிக்கலாம்!