உபதொழில் வருமானமும் வரிக் கடமையும்

திருமழிசை என்ற பெயரைக் கேட்டதும் திருமழிசை ஆழ்வாரும் ஜகந்நாதப் பெருமாள் கோயிலுமே பலருக்கு நினைவில் எழும். பூவிருந்தவல்லிக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இவ்வூர், சிட்கோ தொழிற்பேட்டையாலும் இப்பொழுது பெயர் பெற்றிருக்கிறது. நேமம், வெள்ளவேடு முதலிய சிற்றூர்கள் இதன் அண்டையில் உள்ளன. இப்பகுதியில் தொழிற்சாலையில் கூலி பெறுவோரும் நிலத்தை உழுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஒரே வீட்டில் இருவகையினரும் இருப்பதும் உண்டு.

ஆலைச் சங்கு ஊதியதும் எல்லோருடைய உழைப்பும் முடிந்துவிடுவதில்லை. மாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்வோர் உண்டு. மாடு கறந்து பால் ஊற்றுவோர் உண்டு. பழுதுபட்ட மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவோரும் உண்டு. இத்தகைய உபதொழில் குடும்பத்துக்கு ஊன்றுகோல் ஆகும். ஆயினும் இதற்கு வரி உண்டா, உண்டெனில் எவ்வளவு என்ற கேள்வி எழுந்ததும் பலர் அஞ்சி ஒதுங்கிவிடுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது என்பதையும், ஒதுங்கியிருப்பதால் நஷ்டமே விளையும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலுக்கு வரி புதியதன்று

தொழில்மீது வரி விதிப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்ற பெயர்களைக் காண்கிறோம். நெசவாளரும் செக்காரும் பொற்கொல்லரும் செலுத்திய வரிகள் இவை. இன்றைய முறையிலான வருமான வரியை 1860ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் இந்நாட்டில் புகுத்தினார்.

இப்பொழுது உபதொழில் செய்வோர் முக்கியமாக அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, மத்திய சர்க்காருக்குரிய வருமான வரி. மற்றொன்று, உள்ளாட்சி மன்றத்துக்குரிய தொழில் வரி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பகலில் தொழிற்சாலையில் மாதம் ரூ. 28,000 சம்பளம் பெறுகிறார். மாலையில் மோட்டார் காயில் கட்டும் சிறு கடை நடத்துகிறார். கடையை விரிவாக்க வங்கியில் கடன் கேட்கிறார். வங்கியார் மூன்று ஆண்டு வருமான வரிப் படிவங்களைக் கேட்கின்றனர். ‘வரி வந்துவிடுமோ’ என்று அஞ்சி அவர் ஒரு படிவமும் தாக்கல் செய்ததில்லை. கடன் கிட்டாமல் திரும்புகிறார்.

உண்மையில் அவர் எவ்வளவு வரி செலுத்தியிருக்க வேண்டும்? 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச்சு முடியவுள்ள ஆண்டுக்குப் புதிய வரி முறைப்படி கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆண்டுச் சம்பளம் ரூ. 3,36,000. இதில் நிலையான கழிவு ரூ. 75,000 போக நிற்பது ரூ. 2,61,000. கடையில் ஆண்டு வரவு ரூ. 3,60,000 என்று கொள்வோம். செம்புக் கம்பியும் உதிரிப் பாகங்களும் வாங்க ரூ. 1,50,000, வாடகை ரூ. 36,000, மின்சாரம் ரூ. 12,000 செலவாயின. மொத்தச் செலவு ரூ. 1,98,000. இலாபம் ரூ. 1,62,000. இரண்டையும் கூட்டினால் மொத்த வருமானம் ரூ. 4,23,000 ஆகிறது.

அவ்வாண்டுக்கு முதல் ரூ. 4,00,000 வரை வரி இல்லை. எஞ்சிய ரூ. 23,000க்கு 5 சதவீதம் வீதம் ரூ. 1,150 வரி. ஆனால் வரிக்குரிய வருமானம் ரூ. 12,00,000க்கு மேற்படாதவர்க்குத் தள்ளுபடி உண்டாதலால் அந்த ரூ. 1,150ம் கழிந்துவிடுகிறது. செலுத்த வேண்டிய வரி ஒன்றுமில்லை! இல்லாத வரிக்கு அஞ்சியே அவர் கடனை இழந்தார்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. வரி இல்லை என்பது வேறு. படிவம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பது வேறு. மொத்த வருமானம் ரூ. 4,00,000ஐக் கடந்ததால் படிவம் தாக்கல் செய்வது அவருடைய சட்டப்படியான கடமை. சம்பளத்தை மட்டும் காட்டிக் கடையை மறைப்பதும் முறையன்று.

சிறு தொழிலுக்கு எளிய வழி

ஒவ்வொரு செலவையும் விவரமாக எழுதிவைக்க இயலாத சிறு தொழிலினருக்குச் சட்டம் ஓர் எளிய வழியை வகுத்துள்ளது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி, ரொக்கமாக வந்த வரவில் 8 சதவீதமும், வங்கி அல்லது கைப்பேசி வழியாக வந்த வரவில் 6 சதவீதமும் இலாபமாகக் கொள்ளப்படும். ஆண்டு வரவு ரூ. 2 கோடிக்கு மேற்படாத தொழில்களுக்கு இது பொருந்தும். இவ்வகையினர் ‘சுகம்’ என்னும் நான்காம் எண் படிவத்தைப் பயன்படுத்தலாம். 2026 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இந்த எளிய முறை இடம் பெற்றுள்ளது.

எட்டு சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவே. அதற்கு மேல் ஈட்டியவர் ஈட்டியதைக் காட்டுவதே நேர்மை. மேலே கண்ட தொழிலாளி ரூ. 1,62,000ஐக் காட்டுவதால் அவருக்கு வரி கூடவில்லை. வங்கியில் அவர் மதிப்புத்தான் கூடுகிறது. தரகு, கமிஷன், ஏஜென்சி ஆகியவற்றால் வரும் வருமானத்துக்கு இந்த வழி கிடையாது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் இதைக் கவனித்தல் வேண்டும்.

கம்பெனிகளிடம் ஒப்பந்த வேலை எடுப்போருக்குத் தொகையில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைத் தருவது உண்டு. வரி செலுத்தும் நிலையில் இல்லாதவர் அப்பணத்தைத் திரும்பப் பெற, படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மாறாக, வருமானம் மிகுந்து, பிடித்தம் போக ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் வரி நிற்குமானால் முன்கூட்டியே செலுத்துதல் வேண்டும். எளிய முறையைக் கைக்கொண்டவர்கள் மார்ச்சு 15க்குள் முழுவதையும் செலுத்தலாம். தவறினால் வட்டி சேரும்.

உழவர் கவனத்துக்கு

நிலத்தில் விளைந்த நெல்லையும் காய்கறியையும் விற்று வரும் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. நாற்றங்கால் வைத்துச் செடிகள் விற்பதும் வேளாண்மையாகவே கொள்ளப்படும். ஆனால் பால் விற்பனை, கோழி வளர்ப்பு, டிராக்டரை வாடகைக்கு விடுதல் ஆகியவை வேளாண் வருமானம் ஆகா. அவை தொழில் வருமானமே. ஆதலால் வயல் கணக்கையும் மாட்டுக் கணக்கையும் தனித்தனியே எழுதிவைத்தல் நலம். வேறு வருமானம் வரி விலக்கு வரம்பைக் கடந்தவர்க்கு, ரூ. 5,000க்கு மேற்பட்ட வேளாண் வருமானமும் வரி வீதத்தை நிர்ணயிப்பதற்காக மட்டும் கணக்கில் சேரும்.

தொழில் வரியும் பஞ்சாயத்தும்

தொழில் வரி உள்ளூரிலேயே தங்கும் வரி. அரசியல் சட்டத்தின் 276ஆம் ஷரத்து இதற்கு ஆண்டுக்கு ரூ. 250 என்று வரம்பு கட்டியிருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ரூ. 2,500 ஆக உயர்த்தியது. ஓர் உள்ளாட்சி மன்றம் ஒருவரிடம் இதற்கு மேல் பெறலாகாது. தமிழ்நாட்டில் இவ்வரி அரையாண்டுக்கு ஒரு முறை தண்டப்படுகிறது. அரையாண்டு வருமானம் ரூ. 21,000 வரை உள்ளவர்க்கு இவ்வரி இல்லை.

தொழிற்சாலையில் வேலை செய்வோரின் சம்பளத்திலேயே நிர்வாகத்தார் இதைப் பிடித்துச் செலுத்திவிடுகின்றனர். ஆகவே கடைக்கு வரி கேட்டு மன்றத்தார் வரும்போது, சம்பளச் சீட்டைக் காட்டி, ஏற்கெனவே எந்த மன்றத்துக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதை விளக்குதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் பொறுப்பும் இதில் பெரிது. வரி பெற்றதும் தவறாது ரசீது தருதல், யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற பதிவேட்டைக் கிரமமாக வைத்தல், தண்டிய பணம் எந்தத் தெருவிளக்குக்கும் எந்தக் குடிநீர்க் குழாய்க்கும் செலவாயிற்று என்பதைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் ஆகியவை அவர்தம் கடமைகள். பணம் போன வழி தெரிந்தால் கொடுப்பவர் மனம் சுளிக்கமாட்டார்.

செய்ய வேண்டியவை

உபதொழில் செய்வோர் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. ஒரு குறிப்பேடு வாங்கி அன்றாட வரவையும் செலவையும் அன்றே எழுதுங்கள். கடை வரவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். பொருள் வாங்கிய சீட்டுகளை மாதவாரியாகக் கட்டி வையுங்கள். சரக்கு விற்போர் ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்தையும், வேலை செய்து கூலி பெறுவோர் வரவு ரூ. 20 லட்சத்தையும் நெருங்கினால் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி விசாரித்து அறியுங்கள். வரி வீதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால் படிவம் எழுதுமுன் அவ்வாண்டு விதிகளைக் கேட்டுத் தெளியுங்கள்.

இரவு விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் கணக்கு எழுதினால் போதும். அடுத்த முறை வங்கி வாயிலில் நிற்கும்போது, அந்தக் குறிப்பேடும் அதைக் கொண்டு தாக்கல் செய்த படிவமும் நமக்காகச் சாட்சி சொல்லும்.